பதினொன்று

குறிகட்டுவானில் படகேறும்போது
"மண்வெட்டியோ?" என்று கேட்டார் ஒருவர்.
சாக்குக்குள் மூன்று கோல்கள்:
கைப்பிடி கிழிந்த ஏழாம் நம்பர் இரும்பு,
ஒரு மரத்தலை, ஓர் உருட்டுகோல்.
ஆமாம் என்றேன்.
பெயரிலேயே குறி உள்ள இறங்குதுறையில்
வேறு விளக்கம் எதற்கு.

இருபத்திரண்டு வருடம்
நுவரெலியாவில் கொல்ப் பை சுமந்தேன்.
பனிக்குள் விழுந்த பந்தைப் பார்க்காமலே சொல்வேன்:
சைப்ரஸ் மரத்தடி, இடது வேர்.
எந்தச் சரிவில் பந்து மனம் மாறும்,
எந்த ஐயா தோற்றால் காசு தரமாட்டார்,
எல்லாம் தெரியும்.
எட்டு அடித்தவருக்கு
ஐந்து என்று எழுதவும் தெரியும்.
அந்தப் புல்லில் நின்று
ஒரு பந்தையாவது என் பெயரில் அடித்ததில்லை.

ஒரு வெள்ளைக்காரர் போனில் படம் காட்டினார்.
நெடுந்தீவு. தட்டை வெளி, கடல், மட்டக் குதிரைகள்.
"ஸ்கொட்லாந்து மாதிரி" என்றார்.
எனக்கு ஸ்கொட்லாந்து தெரியாது.
உறுப்பினருக்கு மட்டும் என்ற பலகை
எங்கேயும் இல்லாததைத்தான்
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதல் அடி முருகைக்கல்லில் பட்டது.
பல்லெல்லாம் கூசியது.
பந்து இருபதடி ஓடிப் புல்லுக்குள் ஒளிந்தது.
ஏழெட்டுக் குதிரைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடியும் மேய்ந்தன.
ஐயாமார் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

சைக்கிள் ஒன்று பிரேக் பிடித்தது.
"என்ன தேடுறியள்?"
"பந்து."
"எவ்வளவு பெரிசு?"
விரலை வளைத்துக் காட்டினேன்.
"அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய வெளி?"

பெயர் கொறற்றி. தபால் கொடுப்பவள்.
"நானும் அங்காலதான் போறன்,
ரெண்டு பென்ஷன் கடிதம் கிடக்கு" என்று
என் சாக்கை வாங்கிக் கரியரில் கட்டினாள்.
என் வலது தோளுக்கு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
வெறுங்கையோடு நடக்கவும் எனக்கு வரவில்லை,
ஒற்றைக் கோலை ஊன்றிக்கொண்டேன்.

குழாயடியில் நீலக் கேன்கள் வரிசையில் நின்றன.
அங்கே விடியுமுன் புல்லுக்குத் தண்ணீர் சுழலும்;
ஓரமாய் நின்று கால் கழுவுவோம்.
கேன் தூக்கிய பெண்கள் கடந்து போகும்வரை
நான் அடிக்கவில்லை.
ஒருத்தி திரும்பிக் கேட்டாள்,
"ஆரடி கொறற்றி, நில அளவையோ?"

மதில்களுக்கு அப்பால் கடல் வெளுத்துக் கிடந்தது.
"சோளகம்" என்றாள் கொறற்றி.
"கடல் பக்கம் கழிச்சு அடியுங்கோ.
காத்தைப் பற்றிச்
சைக்கிள் மிதிக்கிறவளிட்டக் கேளுங்கோ."

இதைத்தான் நான் எத்தனை பேருக்குச் சொன்னேன்.
தலையாட்டுவார்கள், தன்பாட்டுக்கு அடிப்பார்கள்,
பந்து போனபின் என்னை முறைப்பார்கள்.
நான் தலையாட்டினேன்.
கடல் பக்கமே கழித்து அடித்தேன்.

எழுந்தது.
தொலைந்தது என்றே நினைத்தேன்.
பிறகு காற்று அதன் தோளைத் தொட்டு
உள்ளே பார் என்றது போல
வளைந்து,
மதிலைத் தாண்டி,
ஒரு வெள்ளைக் குதிரையின் நிழலுக்கருகே விழுந்தது.

மாரிச் சேற்றில் பதிந்து
கோடையில் இறுகிய குளம்படி ஒன்று.
நாலு விரல் ஆழம்.
இதுதான் குழி என்றேன்.
"இப்பதானே முடிவெடுத்தனீங்கள்?"
ஆமாம், இப்போதுதான்.

குதிரை நகரும்வரை காத்திருந்தோம்.
அது அவசரப்படவில்லை.
உருட்டினேன், தவறியது. மறுபடியும் தவறியது.
மூன்றாவது போனது.
அங்கே கிண்ணத்தில் விழும்போது டொக் என்று கேட்கும்.
இங்கே மண் பேசாமல் வாங்கிக்கொண்டது.

பதிவுத்தபால் கொப்பியின் கடைசித் தாளைத் திருப்பி,
"எத்தினை?" என்றாள்.
கல்லில் பட்டது, காற்றை மட்டும் வெட்டியது,
எல்லாம் சேர்த்தேன்.
"பதினொன்று."
"அது நல்லதோ?"
"இல்ல. நாலுல முடிக்கணும்."
"அப்ப நாலெண்டு போடட்டோ?"

"பதினொன்று போடுங்க."

போட்டாள்.
"பேர்?"
"சன்னாசி."
"இதில கையெழுத்து வையுங்கோ,
கிடைச்சதெண்டு."

படகு இரண்டரைக்கு.
சட்டைப்பையில்
இன்னும் ஒரு பந்து இருந்தது.